பாலோடு கொடுத்த மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் டவுன் பஸ் ஏறும்போது என் மடியில் ஒரு பொட்டலம் சூடாக இருக்கும். என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பால்கோவா அடுப்பு உண்டு. கறந்து வந்த பாலை வாயகன்ற இரும்புச் சட்டியில் ஊற்றி, புளிய விறகை எரித்து, சீனி போட்டு, நீளக் கரண்டியால் என் வீட்டுக்காரர் கிண்டிக்கொண்டே நிற்பார். சட்டி நிறைய இருந்த பால் சுண்டிச் சுண்டி அடியில் ஒரு குவியலாக வந்து நிற்கும். அதில் முதல் கரண்டி என் அண்ணனுக்கு. ராஜபாளையத்தில் இறங்கி, அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்துவிடுவார். ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி, நீதிபதி தீர்ப்புச் சொல்வது போலச் சொல்வார்:

"சீனி கூட."

எத்தனை வருஷம் கொண்டுபோனேனோ அத்தனை வருஷமும் அதே தீர்ப்புதான். "சீனி அதிகம்னா பொறவு எதுக்கு அம்புட்டையும் திங்கிறீய?" என்று மதினி கேட்பாள். "தங்கச்சி மனசு நோகக் கூடாதுல்லா" என்பார், பொட்டலத்து இலையை வழித்துக்கொண்டே.

அண்ணனுக்கு நூல் மில்லில் வேலை. ஓடுகிற மிஷினில் இழை அறுந்தால், மிஷினை நிறுத்தாமலே இரண்டு விரலால் பிடித்து ஒட்டிவிட வேண்டும். அவரோடு ஷிப்ட் பார்த்த ஒருவர் ஒருநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்க அண்ணன் ஒட்டுன இடம் எதுன்னு அந்த நூலுக்கே தெரியாது தங்கச்சி." எனக்கு இப்படிப்பட்ட பேச்சுகள் மறப்பதில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். பாடம் மறந்துவிட்டது, மனுசர்கள் சொன்னது மறக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் அந்த இரண்டு விரலும் சும்மா இருக்கும்போதே ஒன்றோடு ஒன்று உரசத் தொடங்கின. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலை உருட்டிக்கொண்டே இருப்பது போல. "விரல் மில்லுல இருந்து வர மாட்டேங்குது ஏட்டி, ஓவர்டைம் பாக்குது" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு நடை சுருங்கியது. சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆனது. சிரித்தால் முகம் சிரிக்கவில்லை, குரல் மட்டும் சிரித்தது. ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, இது நடுக்கு வாதம், இங்கிலீஷில் பார்க்கின்சன் என்று சொல்வார்கள், குணமாகாது, ஆனால் மாத்திரை போட்டால் நடக்கலாம் என்றார். அண்ணன் ஜன்னல் வழியே தெரிந்த மலையைப் பார்த்தார். "சஞ்சீவி மலை அடிவாரத்துல குடியிருந்துக்கிட்டு மாத்திரைக்கு அலையிறேன் பாருங்க டாக்டர்." டாக்டரும் சிரித்துவிட்டார்.

முதல் மாத்திரை வயிற்றைப் புரட்டி வெளியே வந்துவிட்டது. வெறும் வயிற்றில் குமட்டினால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஏதாவது என்றால் எங்கள் வீட்டில் என்ன? பால்தான். மாத்திரை சூடு, பால் குளிர்ச்சி. இது யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா? மதினியிடம் நான்தான் சொன்னேன்.

"மதினி, மூணு வேளை மாத்திரைக்கும் மூணு டம்ளர் பால். நல்லாக் காய்ச்சி, ஆடையோட குடுங்க. வயிறு புண்ணாகாது, உடம்பும் தேறும்."

"நீ பால்காரி, உனக்குத் தெரியாததா" என்றாள் மதினி. அன்றிலிருந்து அப்படியே நடந்தது.

குமட்டல் நின்றது. மாத்திரையும் வேலை செய்தது. போட்டுக் கொஞ்ச நேரத்தில் அண்ணனுடைய தோள் இறங்கும், கை அடங்கும், எழுந்து நடப்பார். அந்தக் காலத்தில் தினமும் கரெண்டு போவதும் வருவதுமாக இருக்கும். அதனால் வீட்டில் அதற்கு அந்தப் பேரே வந்துவிட்டது. "அப்பாவுக்குக் கரெண்டு வந்திருச்சு" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள் அவருடைய மகள். ஒரே மகள். அவளுக்குத் தலை பின்னி விடுவதிலிருந்து சைக்கிள் பழக்கிவிட்டது வரை எல்லாம் அண்ணன்தான். மதினி சொல்வாள்: "பெத்தது மட்டும்தான் நான்."

நாளாக ஆக கரெண்டு சரியாக வரவில்லை. ஒருநாள் முக்கால் மணியில் வரும், ஒருநாள் ஒன்றரை மணி ஆகும், ஒருநாள் வராமலே போய்விடும். அவர் மெலிந்தார். நாங்கள் பயந்தோம். பயந்தால் எங்கள் கூட்டத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஊட்டுவது. பாலோடு முட்டை சேர்ந்தது. நரம்புக்கு நல்லது என்று ஆட்டுக்கால் சூப் வந்தது. இடுப்புக்குப் பலம் என்று உளுந்தங்களி கிண்டினாள் மதினி. நான் ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலத்தை இரண்டாக்கினேன். அவர் உடம்பு எவ்வளவு இறுகியதோ அவ்வளவு ஊட்டினோம். ஊட்ட ஊட்ட இறுகினார்.

ஒரு விஷயம் மட்டும் எங்களுக்குப் புரியாமல் இருந்தது. புரட்டாசி சனிக்கிழமை வந்தால் அண்ணன் நன்றாக நடந்தார்.

சின்ன வயதிலிருந்தே அந்த மாதச் சனிக்கிழமைகளில் அவருக்கு விரதம். கடுமையான விரதம், மத்தியானம் பூஜை முடிகிற வரைக்கும் தண்ணீரும் துளசியும் மட்டும்தான். மாத்திரையையும் அந்தத் தண்ணீரில்தான் போட்டார். எங்கள் ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கிற பெருமாள் கோவிலுக்கு அந்தக் கூட்டத்தில் அவர் படியேறிப் போனார். கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை. மேலே நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "என்ன ஏட்டி, பின்னால வருத? மாத்திரை நீயா போடுத, நானா?" என்று என்னைக் கேலி செய்தார். மதினி சந்நிதியில் கண்ணீர் விட்டாள். "பெருமாள் கை குடுத்துத் தூக்கிட்டாரு" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். சாமி ஒரு செய்தியைக் கண்ணுக்கு முன்னால் எழுதிக் காட்டுகிறது. நாங்கள் அதைப் படிக்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

அண்ணனுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. இறங்கும்போது சொன்னார்.

"வெறும் வயிறா இருந்தா உடம்பு லேசா இருக்கு ஏட்டி. அந்தப் பால் எனக்கு ஆகலையோன்னு தோணுது."

"பாலு ஆகாத உடம்பு உண்டாண்ணே?" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் முடித்துவிட்டேன்.

அந்த வருஷம் தை மாதத்தில் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை எங்கள் ஊர்தான், போலீஸில் வேலை. ராஜபாளையத்திலேயே ஒரு மண்டபம். அண்ணனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அறையிலிருந்து மணவறை வரைக்கும் தானாக நடந்து போக வேண்டும். மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும். மதினி செம்பிலிருந்து தண்ணீர் விட, நடுங்காத கையால் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும்.

அதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. முன்கூட்டியே மண்டபத்துக்குப் போய் அடி எண்ணிவிட்டு வந்தார். அறை வாசலிலிருந்து மணவறை வரைக்கும் இருபத்திரண்டு அடி. வீட்டில் அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் சாக்கட்டியால் இருபத்திரண்டு கோடு போட்டுக்கொண்டு நடந்து பார்த்தார். கடைசிப் பத்து நாள் காலைப் பாலை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரில் மாத்திரை போட்டார். மதினி சண்டை பிடித்தாள். "கல்யாணத்துக்கு விரதம் பழகுறேன்டி" என்று சமாளித்தார். தாரை வார்க்கிற தகப்பனும் தாயும் முகூர்த்தம் முடிகிற வரை சாப்பிடாமல் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பத்து நாளும் மாத்திரை போட்ட முக்கால் மணியில் கரெண்டு வந்தது. ஒருநாள்கூடத் தப்பவில்லை. மகளைக் கூப்பிட்டு அவள் கையைப் பிடித்துப் பார்ப்பாராம்.

"ஆடுதா?"

"ஆடலப்பா."

"ஆடுனா சொல்லிரு. ஆடலன்னு பொய் சொல்லாத."

"நீங்க புடிச்சிருக்கதுல என் கைதான்பா ஆடுது."

இது அவள் பிற்பாடு என்னிடம் சொன்னது.

முதல் நாள் சாயங்காலம் நான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கையில் ஒரு தூக்குவாளி பால், ஒரு பெட்டி பால்கோவா. அண்ணனைப் போய்ப் பார்த்தேன். பட்டுச் சட்டைக்கு அளவெடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கழுத்துப் பட்டைக்குள் என் இரண்டு விரல் போகும். வந்த சொந்தக்காரர் ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "பொண்ணு வீட்டுத் தகப்பனாரை மணவறையில ஏத்துறதுன்னா ஒரு ஆள் பின்னால நிக்கணும்ப்பா, மயங்கி அக்கினியில விழுந்துரப் போறாரு." அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

மறுநாள் முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. எட்டு மணிக்கு மாத்திரை என்று அண்ணன் கணக்கு வைத்திருந்தார். குளித்து, வேட்டி கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டில் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி மகளை அலங்கரிக்கிற அறையில் இருந்தாள். நான் பாலைச் சுட வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

"எனக்கு வேண்டாம் ஏட்டி. தண்ணி குடு."

"ராத்திரியும் ஒழுங்காச் சாப்பிடலையாமே. கூட்டத்துல மயங்கி விழுந்தா என்னண்ணே செய்ய?"

"விரதம்லா."

"பாலும் பழமும் விரதத்துக்கு ஆகும். இதுவும் பால்தானே, இதுல என்ன சோறா இருக்கு?" பெட்டியைத் திறந்து நீட்டினேன். "உங்க மகளுக்குன்னு சீனி குறைச்சுக் கிண்டச் சொன்னேன். என் மனசுக்காக."

என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றதைக் கண்டுகொண்டார் போலிருக்கிறது. ஒரு டம்ளர் பால், கை நிறையப் பால்கோவா, அதோடு மாத்திரை. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "சீனி கூட" என்றார். நான் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கழுவப் போனேன்.

எட்டே முக்காலுக்குக் கரெண்டு வரவில்லை. வரும் என்றார். ஒன்பது அடிக்கும்போது அவருடைய கால் இரண்டும் தரையோடு ஒட்டியிருந்தன. எழுந்திருக்கப் பார்த்தார்; நாற்காலி மட்டும் கிரீச்சென்றது. மேளம் வேகமெடுத்தது. அய்யர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது: "பொண்ணோட தகப்பனார் வாங்கோ! நாழியாறது!" அண்ணன் முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த பலகை மாதிரி. நெற்றியில் மட்டும் வியர்வை வழிந்தது. என் வீட்டுக்காரரும் இன்னொருவரும் ஓடிவந்து, "நாற்காலியோட தூக்கிட்டுப் போயிரலாம் மச்சான்" என்றார்கள். அண்ணன் உதடு அசைந்தது. நான் காதைக் கொண்டுபோனேன்.

"தூக்கக் கூடாது."

அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போனால் அது அவர் நடந்ததாக ஆகாது. செத்த நேரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். பொறுத்தார்கள். பிறகு நல்ல நேரம் தாண்டுகிறது என்று மதினியுடைய தம்பியைக் கூப்பிட்டு மணவறையில் நிறுத்தினார்கள். அறைக் கதவு திறந்திருந்தது. இருபத்திரண்டு அடிக்கு அப்பால் என் மருமகள் தலையைத் தூக்கி இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். அண்ணன் கண் சிமிட்டவில்லை. சிமிட்டுவதும் அவருக்கு அப்போது முடியாத காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கவே அவர் விரும்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

பத்தரை மணிக்குக் கரெண்டு வந்தது.

பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். அண்ணனுடைய தோள் இறங்கியது. கையைத் தூக்கிப் பார்த்தார், நடுங்கவில்லை. எழுந்தார். நான் பிடிக்கப் போனேன், விலக்கிவிட்டார். அறை வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, நேராக நடந்தார். உதடு எண்ணிக்கொண்டே போனது. சரியாக இருபத்திரண்டு. மணவறையில் யாரும் இல்லை. மிதிபட்ட பூ, அணைந்த அக்கினி, ஓரத்தில் தாரை வார்த்த செம்பு. அதை எடுத்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஒரு சொட்டு சிந்தாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. மண்டபத்து ஆள் ஒருத்தர் வாழைமரத்தை அவிழ்க்க வந்து, அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

கோவிலிலிருந்து வந்த மகள் காலில் விழுந்தபோது, "அப்பாவுக்குக் கரெண்டு லேட்டு தாயி" என்றார். அவள் அழுத அழுகைக்கு மேக்கப் எல்லாம் போனது.

மூன்று மாதம் கழித்து மதுரையில் நரம்புக்கு என்றே இருக்கிற ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அண்ணன், மதினி, நான். அவர் கையைத் தட்டி, காலை மடக்கி, நடக்கவிட்டுப் பார்த்தார். எல்லாம் முடிந்து பேனாவைத் திறந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மாத்திரைய எதோட குடுக்கிறீங்க?"

பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். "பாலோட சார். மூணு வேளையும். கூட முட்டை. எங்க வீட்லயே பால்கோவா போடுறோம், அதுவும் குடுக்கேன். குறையே வைக்கிறதில்ல சார்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். அதட்டவில்லை, அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுமையாகச் சொன்னார்.

"பால், முட்டை, கறி, பருப்பு இதுல எல்லாம் புரதச் சத்து இருக்கும்மா. வயித்துல போய் அது சின்னச் சின்னதா உடையும். அமினோ அமிலம்னு பேரு. இந்த மாத்திரையில இருக்கிற மருந்தும் அதே குடும்பம்தான். குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போகவும், ரத்தத்துல இருந்து மூளைக்குப் போகவும் ரெண்டுக்கும் ஒரே வாசல். நீங்க பாலை ஊத்துனா அந்தக் கூட்டம் முதல்ல வாசலை அடைச்சுக்கும். மருந்து வெளியவே நின்னுக்கிட்டு இருக்கும்."

"எம்புட்டு நேரம் சார்?" இது மதினி.

"சொல்ல முடியாதும்மா. ஒரு மணி, ஒன்றரை மணி. சில நேரம் போகாமலே போயிரும். வெறும் வயித்துல தண்ணியோட போட்டு, அரை மணி கழிச்சுச் சாப்பிட்டா சீக்கிரம் வேலை செய்யும். குமட்டுனா ரெண்டு பிஸ்கட் போதும்."

மதினி மெல்லக் கேட்டாள்: "புரட்டாசியில விரதம் இருந்தா நல்லா நடப்பாவ சார். அது...?"

டாக்டர் அவளைப் பார்த்தார். "அதுவும் இதனாலதான் இருக்கும்மா" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "சாமியும் இருக்கட்டும்" என்று சேர்த்துக்கொண்டார். நல்ல மனுசர்.

பாலை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, உடம்பு வற்றிவிடும். நடக்க வேண்டிய பகல் நேரத்தில் குறைத்து, பாலும் முட்டையும் பருப்பும் ராத்திரிச் சாப்பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். நான் அந்தச் சீட்டை வாங்கவில்லை. மதினி வாங்கிக்கொண்டாள்.

எனக்கு அந்த அறையில் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டு இரும்புச் சட்டிதான். சட்டி நிறைந்த பாலைச் சுண்ட வைத்து, அத்தனை பாலின் கூட்டத்தையும் ஒரு கைப்பிடிக்குள் அடைத்து, பஸ் ஏறிக் கொண்டுவந்து, அண்ணனுடைய வாசலை அடைத்தவள் நான். அவருக்குத் தெரிந்திருந்தது. குன்றிலிருந்து இறங்கும்போதே சொன்னார். பத்து நாள் தண்ணீரில் போட்டு நிரூபித்தும் காட்டினார். என் முகத்துக்காகப் பதினோராம் நாள் பாலைக் குடித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவர், நடுவில் நான். கிருஷ்ணன்கோவில் தாண்டுகிற வரைக்கும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அண்ணன் நேரே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஏட்டி, பாலைக் குத்தம் சொல்லாத. அதுக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்லாண்ணே."

"நீ என்ன டாக்டருக்கா படிச்ச? எட்டாங்கிளாஸ்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். என்னால் முடியவில்லை.

அதன் பிறகு அவருக்கு நல்ல வருஷங்கள் வந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். காலையில் தண்ணீரில் மாத்திரை, அரை மணி கழித்து இட்லி, ராத்திரியில் பாலும் முட்டையும். ஊரிலிருந்து வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் ஹார்லிக்ஸ் கொண்டுவந்தால் மதினி வாசலிலேயே வாங்கி அலமாரியில் வைத்துவிடுவாள். கரெண்டு நேரத்துக்கு வந்தது. அண்ணன் தனியாகப் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்து மகள் வீட்டில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கோ ஒவ்வொரு அடியும் இருபத்திரண்டுக்குள்தான் விழுந்தது. இவ்வளவு லேசாக நடந்திருக்க முடியும். அன்றைக்கும் இப்படி நடந்திருக்க முடியும்.

ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"அண்ணே, வீட்டோட வச்சு ஒரு தடவை செஞ்சிருவமா? அவளையும் மாப்பிள்ளையையும் நிக்க வச்சு, மதினி தண்ணி விட, நீங்க கையப் புடிச்சுக் குடுங்க."

விரல்கள் காணாத நூலை உருட்டின.

"குடுத்து முடிச்ச பொண்ணை எப்படி ஏட்டி மறுபடியும் குடுக்க? முதல்ல திரும்ப வாங்கணும்லா."

நான் அவர் வீட்டுக்குப் பால்கோவா கொண்டுபோவதை நிறுத்தியிருந்தேன். ராத்திரியில் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். மதினியும் சொன்னாள். ஆனால் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பஸ் ஏற என்னால் முடியவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் பாதியில் நோய் மாத்திரையை ஜெயித்துவிட்டது. தண்ணீரில் போட்டாலும், நேரம் பார்த்துப் போட்டாலும், வருகிற கரெண்டு சின்ன விளக்குக்குக்கூடப் போதவில்லை. விழுங்கவே சிரமப்பட்டார். மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் ஊட்டினாள் மதினி. ஒரு சாயங்காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது காற்று மாதிரி ஒரு குரலில் கூப்பிட்டார்.

"ஏட்டி. கொண்டா."

"எதை அண்ணே?"

"உன் சரக்கு."

மறுநாள் கொண்டுபோனேன். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அதே பஸ், அதே சூடு மடியில். போனபோது மதினி மாத்திரையைக் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். உடனே கொடுக்க எனக்குத் துணிவில்லை. "அரை மணி போகட்டும் அண்ணே" என்றேன். கண்ணால் சரி என்றார். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். கல்யாணத்தன்று அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய அரை மணி அது. ஒரு நிமிஷம்கூடக் குறைக்காமல் காத்திருந்தேன். அரை மணி முடிந்து திரும்பினால், தூங்கிப்போயிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. பொட்டலத்தை மதினியிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

நான்காம் நாள் காலையில் ஆள் வந்தது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அடுப்படியில் மதினியும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பொட்டலம் என்ன ஆனது என்று என்னால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"நீ போன மறுநாள் காலையில மாத்திரையக் கரைச்சுட்டுப் போனேன். வாயத் திறக்கல. என்னன்னேன். இன்னைக்குக் கரெண்டு வேண்டாம், அதை எடுன்னாவ."

"காலையிலயா? மாத்திரை இல்லாமலா?"

"மாத்திரை இல்லாமத்தான். உன் பால்கோவாவுல பாலைக் கொஞ்சம் விட்டுக் கூழாக் கரைச்சு, கரண்டி நுனியில வச்சு வச்சுக் குடுத்தேன். அம்புட்டையும் முழுங்குனாவ. எம்புட்டு நேரம் ஆச்சு தெரியுமா? பொறவு அன்னைக்குப் பூராவும் கட்டை மாதிரிதான் கிடந்தாவ. ஒரு விரல் அசையல."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே கேட்டேன்:

"ஒண்ணும் சொல்லலையா மதினி?"

மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அந்த வீட்டில் ஒரு வாரமாக யாரும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்று உடைந்தது.

"சீனி கூடன்னாவ."